அடையாறு, எண்ணூர் பாலிகீட்டா புழுக்கள்: ஃபோவெல் நூலின் பெயரா, இணையப் பட்டியலின் பெயரா?

முகத்துவாரம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சென்னையில் முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில் இருக்கிறேன். அடையாற்றில் உடைந்த பாலத்தருகே எடுத்த சேறு, எண்ணூர் சிற்றோடைச் சேறு, காசிமேட்டில் கரையேற்றிய படகின் அடியிலிருந்து சுரண்டிய சுண்ணாம்புக் குழாய்கள் ஆகிய மூன்றிலிருந்தும் பாலிகீட்டாக்களை, அதாவது முள்மயிர் கொண்ட கடற்புழுக்களை, பிரித்து வைத்திருக்கிறேன். நெறியாளர், இந்தியப் பாலிகீட்டாக்களை இனங்காண்பதற்கான ஃபோவெலின் 1953ஆம் ஆண்டு நூலை நகலெடுத்துக் கொடுத்து, "இதை வைத்துப் பெயர் கண்டுபிடி" என்று சொல்லிவிட்டார். கண்டுபிடித்த பெயரை இணையத்திலுள்ள உலகப் பாலிகீட்டா தரவுத்தளத்தில் தேடினால் ஒன்று வேறு பேரினத்தில் இருக்கிறது, ஒன்றின் ஈற்றெழுத்து மாறியிருக்கிறது, இன்னொன்றுக்குப் பக்கத்தில் "இந்தியப் பதிவுகள் ஐயத்துக்குரியவை" என்கிற தொனியில் குறிப்பு இருக்கிறது.

மூன்று பெயர்களில் சிக்கிக்கொண்டிருக்கிறேன்: மார்ஃபைசா சாங்குவினியா, ஹைட்ராய்டிஸ் நார்வெஜிகா, கேப்பிடெல்லா கேப்பிடாட்டா. இது போதாதென்று, அட்டவணையில் "துணைவகுப்பு எர்ரான்ஷியா, துணைவகுப்பு செடன்டேரியா" என்று எழுதியதைப் பார்த்த மூத்த மாணவர் ஒருவர் "அதெல்லாம் செத்துப்போன பாகுபாடு" என்றார். பக்கத்து ஆய்வகத்து அக்காவோ "மறுபடியும் உயிர் பெற்றுவிட்டது" என்கிறார். யார் சொல்வது சரி? அட்டவணையில் நான் எதை எழுத வேண்டும்?

குழாய்ப்புழு

இருவர் சொல்வதும் சரிதான் அம்மா. கதை சற்று நீளம்.

வகைப்பாடு வேறு, பெயரிடுதல் வேறு. முதலில் வகைப்பாடு. பாலிகீட்டா என்ற பெயரை 1850இல் குரூபே வைத்தார். அலைந்து திரிபவை எர்ரான்ஷியா, குழாயிலோ வளையிலோ அடங்கிக் கிடப்பவை செடன்டேரியா என்ற பிரிவு பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்றது. வசதியான பிரிவு என்பதால் நூறாண்டுக்கு மேல் யாரும் அதைக் கைவிடவில்லை. ஆனால் வாழும் முறையை வைத்துப் பிரித்தால் உறவு தெரியாது என்ற முணுமுணுப்பு எப்போதும் இருந்தது. 1977இல் ஃபாக்கால்ட் அந்தப் பிரிவைத் தூக்கி எறிந்துவிட்டு 17 வரிசைகளாக அடுக்கினார். 1997இல் ரவுஸும் ஃபாக்கால்டும் சேர்ந்து உடலமைப்புப் பண்புகளைக் கணினியில் அலசி ஸ்கோலெசிடா, அசிகுலேட்டா, கனாலிபால்பேட்டா என்று பெரிய கிளைகளைக் காட்டினார்கள். உங்கள் மூத்த மாணவர் படித்தது இதுவாகத்தான் இருக்கும்.

2011இல் ஸ்ட்ரக்கும் கூட்டாளிகளும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டு நேச்சர் இதழில் வெளியிட்ட பரிணாம உறவு மரத்தில், எர்ரான்ஷியா, செடன்டேரியா ஆகிய இரண்டு கிளைகளும் மறுபடி முளைத்தன. உங்கள் அக்கா சொல்வது அது. ஆனால் பெயர்தான் பழையது, உள்ளே இருப்பவர்கள் மாறிவிட்டார்கள். 2014இல் வெய்கெர்ட் குழுவினர் வெளியிட்ட மரத்தில் ஓவெனிடே, மாஜெலோனிடே குடும்பங்கள் அடிமரத்திலேயே பிரிந்துவிடுகின்றன. அடுத்துக் கீட்டாப்டெரிடே பிரிகிறது. தொட்டால் எரியும் நெருப்புப் புழுக்களான ஆம்ஃபினோமிடே, பழைய நூல்களில் எர்ரான்ஷியாவின் முதல் வரிசையில் நின்றவை, இப்போது சைபன்குலா புழுக்களோடு சேர்ந்து இரண்டு கிளைக்கும் வெளியே நிற்கின்றன. மண்புழுவும் அட்டையும் செடன்டேரியாவுக்குள்ளே! மழைக்காலத்தில் நடைபாதை முழுக்க ஊர்ந்து திரிகிற மண்புழு "அடங்கிக் கிடப்பவை"க்குள்.

ஆகவே, அந்தச் சொற்களை ஃபோவெல் பொருளில் எழுதிவிட்டு, கேட்டால் 2011ஐக் காட்டித் தப்பிக்க நினைக்காதீர்கள். வாய்மொழித் தேர்வில் மாட்டுவீர்கள்.

விலங்கியல் ஆசிரியை

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். மண்புழு செடன்டேரியாவுக்குள் என்றால், மண்புழு ஒரு பாலிகீட்டாவா? பாலிகீட்டா, ஆலிகோகீட்டா, ஹிருடினியா என்று மூன்று வகுப்புகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீட் எழுதப் போகும் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது?

குழாய்ப்புழு

மரத்தின்படி, ஆம். பாலிகீட்டா என்ற கிளையை வெட்டினால் மண்புழுவும் அட்டையும் சேர்ந்தேதான் கையில் வரும். அவற்றை விலக்கிவிட்டு மீதிக்கு மட்டும் "வகுப்பு" என்று பெயர் வைத்தால் அது முழுக் கிளை ஆகாது. அதனால்தான் பலர் இப்போது பாலிகீட்டாவை வகுப்பாக எழுதாமல், முள்மயிர் கொண்ட கடற்புழுக்களைக் குறிக்கும் வழக்குப் பெயராக மட்டும் வைத்திருக்கிறார்கள்.

வால்போல ஒட்டிக்கொண்டு வந்தவை இன்னும் உண்டு. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றருகே வாழும் ரிஃப்டியாவை 1981இல் ஜோன்ஸ் விவரித்தார். 1985இல் அதற்கும் உறவினத்துக்கும் வெஸ்டிமென்டிஃபெரா என்று தனித் தொகுதியே கொடுத்தார். தொகுதி என்றால் மெல்லுடலிகள், கணுக்காலிகள் அளவுக்குப் பெரிய நாற்காலி! இன்று அது சிபோக்ளினிடே என்ற ஒரு குடும்பத்துக்குள் அடக்கம். அந்தக் குடும்பப் பெயரை 1914இலேயே கோலெரி வைத்திருந்தார்.

தேர்வுக்குப் புத்தகத்தில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

தராசு

மேலுள்ளதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கேள்வி கேட்டவருக்குத் தேவை பெயர். அதற்கு விதிப் புத்தகம் இருக்கிறது, மரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற மூன்று நிலைகளைச் சுற்றித்தான் காவல் நிற்கிறது. வகுப்பு, வரிசைப் பெயர்களுக்கு முன்னுரிமை விதி கிடையாது. எர்ரான்ஷியா செத்துப் பிழைக்க முடிந்ததும் அதனால்தான்.

கீழே விதி கறாரானது. 1758இல் வந்த லின்னேயஸ் நூலின் பத்தாம் பதிப்புக்கு முந்திய பெயர் எதுவும் செல்லாது. அதன்பின் முதலில் வந்தது நிற்கும். ஒரே பெயரை இரண்டு விலங்குப் பேரினங்களுக்கு வைக்க முடியாது. இதற்கு நம் ஊர்க் கடற்கரையிலேயே சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தின் கோபால ஐயரும் அலிகுன்ஹியும் 1940இல் மெரினா பக்கத்து மணல்களின் இடுக்கில் வாழும் மிகச் சிறிய புழு ஒன்றைப் பிசியோனெல்லா இண்டிகா என்று விவரித்தார்கள். ஓராண்டு முன்பு, 1939இல், அமெரிக்காவில் ஓல்கா ஹார்ட்மன் அதே பேரினப் பெயரை வேறொரு புழுவுக்கு வைத்துவிட்டார். போர்க்காலம், இதழ்கள் கப்பலில் வந்து சேரவேண்டும். 1943இல் நம்மவர்களே பிசியோனிடென்ஸ் என்று மாற்றினார்கள். புழு அதேதான், சிற்றினப் பெயர் இண்டிகாவும் அதேதான்.

கன்னிமாரா வாசகன்

தராசு, "மெரினா பக்கத்து" என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள். கட்டுரைத் தலைப்பு "சென்னை மணற்கடற்கரை" என்றுதான் சொல்கிறது.

இதே இருவர் 1944இல் சென்னைக் கரையின் ஆர்க்கியன்னலிடுகளைப் பற்றி எழுதியபோது பாலிகார்டியஸ் மதராசென்சிஸ் என்ற பெயரைக் கொடுத்தார்கள். ஆர்க்கியன்னலிடா என்ற கூட்டமே பிறகு கலைக்கப்பட்டது. எளிய உடல் கொண்டவை எல்லாம் ஆதிகாலத்தவை என்ற நம்பிக்கையில் கட்டிய கூட்டம் அது. மணல் இடுக்கில் வாழ வேண்டிய தேவையால் பல கிளைகளிலிருந்து தனித்தனியே சுருங்கி எளிமையானவை அவை. கூட்டம் போய்விட்டது, மதராசென்சிஸ் இருக்கிறது.

மாணவிக்கு ஒரு கேள்வி. ஃபோவெல் யார் என்று நெறியாளர் சொன்னாரா?

முகத்துவாரம்

இல்லை ஐயா. நூலின் முதல் பக்கங்கள் நகலில் இல்லை.

கன்னிமாரா வாசகன்

அந்தப் பக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது. பியெர் ஃபோவெல் பிரான்சின் ஆன்ஜே நகரத்துப் பேராசிரியர். 1923இலும் 1927இலும் பிரான்சு நாட்டு விலங்குகள் வரிசையில் பாலிகீட்டாவுக்கு இரண்டு தடித்த தொகுதிகள் எழுதியவர். ஆங்கிலக் கால்வாயிலும் மத்தியதரைக் கடலிலும் உள்ள புழுக்கள் அவருக்கு மனப்பாடம். அதன் பிறகுதான் இந்தியப் புழுக்கள் அவர் மேசைக்குப் போகின்றன: 1930இல் எழும்பூர் அருங்காட்சியகத்துத் தொகுப்பைப் பற்றிய நூல், 1932இல் கல்கத்தா அருங்காட்சியகத்துத் தொகுப்பு, கடைசியில் 1953இன் பெருநூல். ஜாடியிலிருந்து எடுத்த புழுவில் ஐரோப்பியப் புழுவின் சாயல் தெரிந்தால் ஐரோப்பியப் பெயரையே எழுதினார். பல கடல்களிலும் பரவி வாழும் சிற்றினங்கள் நிறைய என்பது அக்காலத்தில் பொது நம்பிக்கை. அவர் மட்டும் விலக்கல்ல.

ஃபோவெலைக் குறை சொல்லவில்லை. இந்தியக் கடல் முழுவதற்கும் அப்படி ஒரு திறவுகோல் நூலை வேறு யாரும் எழுதித் தரவில்லை. ஆனால் எழுபது ஆண்டுகளாக நாம் அதே நகலை நகலெடுத்துக்கொண்டிருப்பதற்கு அவர் பொறுப்பல்லவே!

குழாய்ப்புழு

இப்போது உங்கள் மூன்று பெயர்களுக்கு வருகிறேன்.

மார்ஃபைசா சாங்குவினியா. 1813இல் மான்டகு இங்கிலாந்தின் டெவன் கரையிலிருந்து விவரித்தது. பிறகு உலகில் எந்தச் சேற்றில் சிவந்த செவுளோடு நீளப் புழு கிடைத்தாலும் இதே பெயர் விழுந்தது. 2003இல் ஹட்ச்சிங்ஸும் காராயியோர்கோபுலோஸும் டெவன் புழுவை மீண்டும் விவரித்து, புதிய வகைமாதிரி (பெயருக்கு அளவுகோலாக வைக்கும் மாதிரி) ஒன்றை நிறுத்தினார்கள். அந்த அளவுகோல் கிடைத்ததும் ஆஸ்திரேலியப் புழு வேறு என்று தெரிந்து மார்ஃபைசா முல்லாவா ஆனது. அதன்பின் நாடு நாடாகப் புதிய பெயர்கள் வந்தன. இந்தியாவிலிருந்து 2020இல் வந்த பெயர் மார்ஃபைசா மதராசி. இதற்கெல்லாம் முன்பே, 1921இல் சதர்ன் மார்ஃபைசா கிரேவ்லியை விவரித்திருக்கிறார். எழும்பூர் அருங்காட்சியகத்தை நடத்திய கிரேவ்லியின் பெயரில் அமைந்தது அது. கோபால ஐயர் அதன் முட்டைக் கூழையும் இளம்புழு வளர்ச்சியையும் இங்கேயே ஆராய்ந்து 1931இல் எழுதினார். அடையாற்றுச் சேற்றில் எடுத்ததற்கு முதலில் இந்த இரண்டோடு ஒப்பிடாமல் டெவனுக்கு ஏன் போகிறீர்கள்?

செவுள் எந்த உடற்கண்டத்தில் தொடங்குகிறது, எத்தனை இழை என்பதை மட்டும் நம்பாதீர்கள். புழு வளர வளர அது மாறும். கூட்டுச் சீட்டாக்கள் (இணைப்புள்ள முள்மயிர்கள்) இருக்கின்றனவா, சீப்பு வடிவச் சீட்டாக்களின் பற்கள் உடலின் முன்னே எப்படி, பின்னே எப்படி என்று நுண்ணோக்கியில் வரைந்துவிட்டுப் பேசுங்கள்.

ஹைட்ராய்டிஸ் நார்வெஜிகா. பெயரே நார்வே. சென்னைத் துறைமுகத்தில் படகடியிலும் தூணிலும் ஒட்டும் உயிரிகளைப் பற்றிய பழைய கட்டுரைகள் இந்தப் பெயரைத்தான் சொல்கின்றன. குளிர்ந்த நீர்ப் புழுவுக்கும் வெப்பத் துறைமுகங்களில் மொய்க்கும் புழுவுக்கும் உள்ள வேறுபாட்டை ஜிப்ரோவியஸ் 1971இல் தெளிவாக்கினார். உங்கள் காசிமேட்டுப் புழு பெரும்பாலும் ஹைட்ராய்டிஸ் எலிகன்ஸ். குழாயின் மூடியில் உள்ள முள் கிரீடத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கேப்பிடெல்லாவுக்கு நாளை வருகிறேன். அது கோபத்தோடு எழுத வேண்டியது.

தராசு

இடையில் ஒன்று. ஈற்றெழுத்து மாறியது என்று மாணவி சொன்னது ஹைட்ராய்டிஸாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பேரினப் பெயர் ஆண்பாலா பெண்பாலா என்ற குழப்பத்தில் நார்வெஜிகஸ், நார்வெஜிகா என்று இரண்டும் புழங்கின. 2017இல் ரீடும் மற்றவர்களும் பெண்பால் என்று நிறுவி, பட்டியல் முழுவதையும் திருத்தி வெளியிட்டார்கள். எலிகன்ஸ் இரு பாலுக்கும் ஒரே வடிவம், அதனால் தப்பியது.

ஈசிஆர் பொரிப்பகம்

நீங்கள் எல்லோரும் படித்தவர்கள். நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் தாய் இறாலுக்குத் தீனி போடுகிறவன். பழவேற்காடு பக்கமிருந்து பாலிகீட் வரும். கிலோ கணக்கில் வாங்கி, கழுவி, போடுகிறோம். தாய் இறால் நன்றாக முட்டை வைக்கிறது. அது கிரேவ்லியா மதராசியா என்று இறால் கேட்பதில்லை. இவ்வளவு சண்டை எதற்கு?

எங்கள் தெருவில் "பழைய எண் 7, புதிய எண் 14" என்று இரண்டும் பலகையில் இருக்கிறது. தபால் வந்து சேர்கிறது. அப்படி இரண்டு பெயரையும் எழுதிவிட்டுப் போங்களேன்.

தராசு

உங்கள் தெருவில் எண்தான் மாறியது, வீடு அங்கேயே நிற்கிறது. பிசியோனெல்லா பிசியோனிடென்ஸ் ஆனது அந்த வகை. டெவன் புழுவின் பெயரை அடையாற்றுப் புழுவுக்கு எழுதுவது வேறு வீட்டுத் தபாலை வாங்கிக்கொள்வது. அதற்கு "பழைய, புதிய" பலகை உதவாது.

குழாய்ப்புழு

அண்ணா, இறால் கேட்காது, நீங்கள் கேட்க வேண்டும். சேற்றிலிருந்து நேரே வரும் பாலிகீட் வெள்ளைப்புள்ளி வைரஸைச் சுமந்து வரக்கூடும் என்பது நம் நாட்டிலேயே ஆய்ந்து காட்டப்பட்டது. அதனால்தான் தொட்டியில் வளர்த்த நோயற்ற புழுவைத் தேடுகிறார்கள். வளர்ப்பதென்றால் எந்த உப்புத்தன்மையில் முட்டை வைக்கும், கூழுக்குள் வைக்குமா, நீரில் விடுமா, இளம்புழு எத்தனை நாள் மிதக்கும் என்று தெரிய வேண்டும். இதெல்லாம் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். வேறொரு புழுவின் கட்டுரையைப் படித்துவிட்டுத் தொட்டி கட்டினால் பணம்தான் போகும்.

ஈசிஆர் பொரிப்பகம்

சரி, இது புரிகிறது. அடுத்த முறை வாங்கும்போது கொஞ்சம் சாராயத்தில் போட்டு வைக்கிறேன். யாருக்காவது வேண்டுமா?

முகத்துவாரம்

எனக்கு வேண்டும் அண்ணா! தனிச் செய்தி அனுப்புகிறேன்.

குழாய்ப்புழு

கேப்பிடெல்லா கேப்பிடாட்டா. 1780இல் ஃபேப்ரீசியஸ் கிரீன்லாந்திலிருந்து விவரித்தது. மாசு மிகுந்த சேற்றில் கூட்டங்கூட்டமாகப் பெருகும் என்பதால் மாசின் அடையாளமாக உலகெங்கும் எழுதப்படுகிறது. 1969இல் அமெரிக்காவின் மேற்கு ஃபால்மவுத்தில் எண்ணெய் கசிந்தபின் பெருகிய கேப்பிடெல்லாவைக் கிராஸில் தம்பதியர் நொதிகளை வைத்துப் பரிசோதித்தார்கள். 1976இல் வெளிவந்த முடிவு: ஒரு சிற்றினம் என்று எண்ணியது ஆறு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், முட்டையிடும் காலமும் இளம்புழுவின் போக்கும் வேறு. 2009இல் பிளேக் கிரீன்லாந்துப் புழுவுக்குப் புதிய வகைமாதிரி வைத்து வரையறுத்தார். ஆய்வகங்களில் வளர்த்துவந்த ஒன்றுக்கு அதே ஆண்டு கேப்பிடெல்லா டெலெட்டா என்று தனிப்பெயர் வந்தது.

இத்தனைக்குப் பிறகும் கூவம், அடையாறு, எண்ணூர் பற்றிய அறிக்கைகளில் கிரீன்லாந்துப் பெயர் கூசாமல் வந்துகொண்டே இருக்கிறது. பனிக்கடலின் புழு சாம்பல் நீர் கலந்த கொசஸ்தலை முகத்துவாரத்தில் குடும்பம் நடத்துகிறதாம்!

அறிக்கைக்காரன்

அந்த அறிக்கைகளை எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். ஆய்வகத்தில் உட்கார்ந்து சீட்டா எண்ணுகிறவர்களுக்குக் காலம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது, சேற்றில் என்ன இருக்கிறது என்று உடனே சொல்ல வேண்டிய நிலை. மாசு தாங்கும் புழு பெருகியிருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. அதற்குக் குடும்பம் போதும். கேப்பிடெல்லிடே என்று தெரிந்தால் வேலை முடிந்தது. கேப்பிடாட்டா என்று எழுதுவது வழக்கம், அவ்வளவுதான். அதனால் எந்த முடிவும் மாறவில்லை.

குழாய்ப்புழு

முடிவு மாறவில்லை என்றால் அந்தச் சொல் எதற்கு? குடும்பம் வரைதான் பார்த்தீர்கள் என்றால் குடும்பத்தோடு நிறுத்துங்கள். பேரினம் தெரிந்தால் "கேப்பிடெல்லா, சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். பார்க்காத சிற்றினத்தை எழுதுவது அலங்காரம். அதை நம்பி நாளை ஒருவர் பரவல் வரைபடம் போடுவார், இன்னொருவர் "கிரீன்லாந்து முதல் எண்ணூர் வரை" என்று கட்டுரை எழுதுவார்.

அறிக்கைக்காரன்

பட்டியலில் சிற்றினப் பெயர் இல்லாவிட்டால் "ஆய்வு முழுமையாக இல்லை" என்று கேள்வி வருகிறது. அதற்கு நீங்கள் வந்து பதில் சொல்வீர்களா?

கன்னிமாரா வாசகன்

இங்கேதான் முடிச்சு. கேட்பவருக்குச் சிற்றினப் பெயர் வேண்டும், எழுதுபவர் கையில் 1953 நூல் இருக்கிறது, அந்த நூலில் ஐரோப்பியப் பெயர் இருக்கிறது. மூவரும் அவரவர் வேலையைச் செய்கிறார்கள்.

அறிக்கைக்காரன்

அடுத்த அறிக்கையில் "தீர்மானிக்கப்படவில்லை" என்று எழுதிப் பார்க்கிறேன். திரும்பி வந்தால் இந்த இழையின் முகவரியை இணைத்துவிடுவேன்.

விலங்கியல் ஆசிரியை

கேப்பிடெல்லாவைத் தேடிப் பார்த்தேன். ஃபேப்ரீசியஸ் 1780இல் அதை லும்ப்ரிகஸ், அதாவது மண்புழுப் பேரினத்தில் வைத்திருக்கிறாரே! கிளை தெரியாத காலத்திலேயே மண்புழுவோடு சேர்த்துவிட்டார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லப் போகிறேன், தேர்வில் வராவிட்டாலும்.

முகத்துவாரம்

எல்லோருக்கும் நன்றி. துணைவகுப்பு வரிகளை நீக்கிவிட்டேன். தொகுதி அன்னலிடா, நேரே குடும்பம். அட்டவணை இப்போது இப்படி இருக்கிறது:

யூனிசிடே: மார்ஃபைசா, கிரேவ்லியோடு ஒப்பிடத்தக்கது, சதர்ன், 1921. அடையாறு.
செர்ப்புலிடே: ஹைட்ராய்டிஸ் எலிகன்ஸ், ஹாஸ்வெல், 1883. காசிமேடு, படகடி.
கேப்பிடெல்லிடே: கேப்பிடெல்லா, சிற்றினம் தீர்மானிக்கப்படவில்லை. எண்ணூர்.

மாதிரிகளை எங்கே வைப்பது?

குழாய்ப்புழு

எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஃபார்மலின் உருவத்தைக் காக்கும், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். அடுத்த முறை ஒவ்வொரு புழுவிலும் நடுவில் சில கண்டங்களை வெட்டி 95 விழுக்காடு எத்தனாலில் தனிக்குப்பியில் வையுங்கள், இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள். தலையும் முன்பகுதியும் சிதையக் கூடாது. சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மண்டல மையம் இருக்கிறது. ஆய்வேடு முடிவதற்குள் அங்கே பேசிப் பதிவு எண் வாங்கிவிடுங்கள். துறை அலமாரியில் விட்டுச்சென்ற ஜாடிகளில் சாராயம் வற்றியபின் மிஞ்சுவது சீட்டுத் துண்டுதான்.

தராசு

ஹாஸ்வெல் அதை யூபொமேட்டஸ் என்ற வேறு பேரினத்தில்தான் விவரித்தார். பேரினம் மாறியதால் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும்: ஹைட்ராய்டிஸ் எலிகன்ஸ் (ஹாஸ்வெல், 1883). சதர்ன் மார்ஃபைசாவிலேயே விவரித்ததால் அவருக்கு அடைப்புக்குறி வேண்டாம், அது சரியாக இருக்கிறது.

முகத்துவாரம்

திருத்திவிட்டேன்.